நைனா எழுந்த பந்தி

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பங்களில் பழைய ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, கை கழுவி, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு ஏதாவது சோற்றோடு உள்ளே போய்விடும், ஓர் உயிரைக் கொன்ற பாவம் வந்து சேரும் என்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தது என்பதால் எனக்கு இது விரதமாகவே தெரிந்ததில்லை. மற்ற வீடுகளில் விளக்கேற்றிய பிறகு உலை வைக்கிறார்களே, இவர்களுக்கு அதுவரை எப்படித்தான் பசி தாங்குகிறதோ என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

நைனா இதில் ரொம்பக் கெட்டி. நைனா என்றால் என் அப்பா. ஊர் அவரை நயினார் என்று கூப்பிடும். எங்கள் ஆட்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும். வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது, அதை அவர் நம்பமாட்டார். "கடிகாரத்துக்கு மனுஷன் சாவி குடுக்கறான். பொழுதுக்கு யாரு குடுக்கறா?" என்பார். அவருக்கு மலைதான் கடிகாரம். சாயங்காலம் வெயில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கி ஊர் நிழலில் மூழ்கிவிடும். அதோடு பொழுது போனதாக ஆகாது. எதிரே கிழக்கில் சந்திரகிரி இருக்கிறது. அதன் உச்சிப் பாறையில் இன்னும் கொஞ்ச நேரம் வெயில் நிற்கும். அது நிற்கிற வரைக்கும் சாப்பிடலாம். அது போய்விட்டால் தண்ணீர்கூடக் கிடையாது.

ராஜகிரி அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல் போடுவோம், மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நைனா மத்தியானம் வயலுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். அதனால் சாயங்காலச் சாப்பாடு தூக்குச் சட்டியில் வயலுக்கே போகும். பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் எடுத்துப் போவேன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது நான் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதுசு. இருபது தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் இன்றைக்கு இருக்கிற அளவு அன்றைக்கும் இருந்தது.

வயலில் ஒரு சிக்கல். வரப்போரத்துப் புளியமரங்கள் மறைத்துக்கொள்வதால் அங்கிருந்து சந்திரகிரி தெரியாது. ஆனால் வயலின் ஒரு மூலையில் பெரிய பாறை உண்டு. அதன்மேல் காவல் பரண், பரண்மேல் எங்கள் வயல் காவல்காரர். அவர் இருளர். மலையடிவாரத்தில் இருந்த இருளர் குடிசைகளில் ஒன்று அவருடையது. நைனா வயதுதான் இருக்கும். அவருக்கு அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். நான் தூக்கோடு வருவதைப் பார்த்ததும் மேலேயிருந்து ஒரு குரல் வரும்.

"நயினாரே! வெயிலு மேல குந்திக்கினு இருக்குது! சாப்டுங்க!"

அந்தக் குரல் வந்த பிறகுதான் நைனா தூக்கைத் திறப்பார். பாதிச் சாப்பாட்டில் இன்னொரு குரல் வரும். "எறங்குது, எறங்குது! மோரு ஊத்திக்குங்க!" நைனா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவசர அவசரமாக மோரை ஊற்றிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு அடங்காது. "உங்க வயித்துக்கு மணியக்காரரு பரண் மேல இருக்காரு நைனா" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். "அவன் கண்ணு பருந்துக் கண்ணு. அவன் சொன்னா சொன்னதுதான்" என்பார்.

'அவர், அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. 'அவன்' தான், 'வாடா போடா' தான், நான்கூட 'இன்னாப்பா' தான். இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் இது என் கதையாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வயல் என்றால் எலி. எலி என்றால் இருளர். வளை தோண்டி எலியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கிற நெல்லும் அவர்களுக்குத்தான். எலிக்கறி அவர்களுக்குச் சாப்பாடு. நைனாவோ எறும்பு வரிசையைக் கண்டால் காலைத் தூக்கித் தாண்டுகிற ஆள். எலியைக் கொல்லச் சொல்லலாமா? சொல்லமாட்டார். என்ன செய்வார் தெரியுமா? "வயல்ல தொந்தரவு ஜாஸ்தியா இருக்குது" என்பார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விடுவார். மறுநாள் தொந்தரவு இருக்காது. பாவம் பரண் கணக்கில் ஏறும், நெல் நம் கணக்கில் ஏறும். இதையும் நான் கிண்டல் செய்திருக்கிறேன். இதற்கு மட்டும் நைனா சிரித்ததில்லை.

சீனாக்காரன் சண்டை முடிந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். எங்கே பார்த்தாலும் ஒருமைப்பாடு. பள்ளிக்கூடத்தில் காலையில் ஒருமைப்பாடு, மத்தியானம் ஒருமைப்பாடு, சுவரில் ஒருமைப்பாடு. நாம் எல்லோரும் ஒன்று, ஒரே தாயின் பிள்ளைகள் என்று பிள்ளைகளைக் கை நீட்டிச் சொல்ல வைப்போம். இன்றைக்கு ஏளனமாகப் பேசுகிறேனே தவிர அன்றைக்கு எனக்கு அதில் சத்தியமான நம்பிக்கை. சொல்லும்போது மயிர் சிலிர்க்கும். நாடே அப்படி இருந்தது, பொய்யில்லை.

தை மாதத்தில் கோட்டை அடிவாரத்து மைதானத்தில் ஒருமைப்பாட்டு விழா என்று உத்தரவு வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். பிள்ளைகளுக்கு மாகாணத்துக்கு ஒரு வேஷம் போட்டு நிறுத்தும் வேலையை என் தலையில் கட்டினார்கள். வேஷம் யார் யாருக்கு என்பதை மேலேயே தீர்மானித்துவிட்டார்கள். எங்கள் வகுப்பில் நிஜமாகவே மராட்டி பேசுகிற வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் முன்னோர் கோட்டையில் சேவகத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அவனுக்கு அசாம் வேஷம். மராட்டி வேஷம் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையனுக்கு. கடைத்தெருவில் உருது பேசுகிற வீட்டுப் பெண் தமிழ்ப் பெண்ணாக நின்றாள். யாரும் அவரவராக நிற்கக் கூடாது என்று சட்டமோ என்னவோ! இருளர் வேஷம் பட்டியலிலேயே இல்லை. இருளர் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் இல்லை.

பிள்ளைகள் வேஷம் முடிந்ததும் சமபந்தி. ஊரில் இருக்கிற ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர், எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அதிகாரியோடு சாப்பிட வேண்டும். போட்டோ எடுப்பார்கள். நாம் எல்லோரும் ஒன்று என்று காட்டுவதற்காக முதலில் எங்களைப் பிரித்துப் பிரித்து எண்ணினார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. ஜைனர்களில் ஆள் யார் என்றபோது நைனா பெயர் வந்தது. ஊரில் மரியாதைப்பட்டவர், பேச்சுத் தவறாதவர். இருளர்களில் யார் என்றபோது எங்கள் காவல்காரர். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஆபீசிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். நைனா நேராக மாட்டேன் என்று சொல்லவில்லை. பிடி கொடுக்காமல் பேசினார். "நாங்க வெங்காயம் பூண்டு சேக்கறதில்லிங்களே" என்றார். போட வேண்டாம், எல்லாருக்குமே இல்லாமல் செய்துவிடலாம் என்றார் வந்தவர். "மண்ணுக்குக் கீழ வெளையற கெழங்கு எதுவும் ஆகாது." பூசணிக்காய் சாம்பார் வைக்கலாம் என்றார். "பொழுது சாஞ்சா சாப்பிட முடியாது." நாலு மணிக்கே பந்தி என்றார். நைனா ஒவ்வொரு கதவாகச் சாத்த, வந்தவர் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார். கடைசியில் சாத்த ஒன்றும் மிச்சமில்லை. "சரி, வரேன்" என்றார் நைனா. சொல்லிவிட்டார் என்றால் சொல்லிவிட்டார்தான். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. என் நைனா, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைச் செய்து காட்டப் போகிறார்!

காவல்காரர் மட்டும் மசியவில்லை. ஆபீஸ் ஆள் குடிசைக்குப் போனபோது காட்டுக்குள் போய்விட்டார். நான் வயலில் வைத்துக் கேட்டேன்.

"ஏம்பா வரமாட்டேங்கற? பயமா?"

"பயமில்லம்மா. ஒரு நாளு கூப்புட்டு இலை போடுவாங்க. மறுநாளு டீக்கடையில கொட்டாங்கச்சிதான குடுப்பான். ஊரு பாத்து சிரிக்கும்."

"உன் பக்கத்துல யாரு குந்தப் போறாங்க தெரியுமா? நைனா."

அவர் நைனாவைத் திரும்பிப் பார்த்தார். நைனா மடை திருப்பிக்கொண்டிருந்தார். நிமிராமல், "ஆமாண்டா. வா" என்றார்.

அதற்குப் பிறகு காவல்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நயினாரு பக்கத்துலன்னா வரேம்மா" என்றார். "ஊரு பாக்க ஒரு தபா அவரோட குந்தி சோறு துன்னா போதும். அதுக்கப்பறம் எவன் கொட்டாங்கச்சி நீட்டறான்னு பாக்கறேன்." நைனா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அந்த மனிதர் நம்பினார்.

விழா அன்று அவர் எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் பெரிசாக இருந்தது, கை நீளமாக இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "கல்யாண மாப்ள மாதிரி இருக்கறப்பா" என்றேன். அடிவாரத்தில் ஜனம் நிரம்பி வழிந்தது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டம் மாதிரி பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இலவசச் சாப்பாடு என்று யாரோ பரப்பிவிட்டார்கள்.

நாலு மணிக்கு அதிகாரி வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. வேஷம் போட்ட பிள்ளைகள் வெயிலில் வாடிப் போனார்கள். என் பஞ்சாப் வேஷம் தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, வங்காளம் ஒன்றுக்கு வருகிறது என்று அழுதது. ஜீப் வந்தபோது மைதானத்தில் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. மாலை, பேச்சு, மறுபடி மாலை. ஒருவழியாகப் பந்திக்கு வந்தார்கள். பெரிய மலை பின்னால் தெரிய வேண்டும் என்று போட்டோக்காரர் எல்லாரையும் ராஜகிரிக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். அப்படி உட்கார்ந்தால் நேர் எதிரே சந்திரகிரி.

இலை போட்டதும் போட்டோ எடுத்துவிட்டார்கள். சோறு வந்தால் எல்லாரும் குனிந்துவிடுவார்களாம், முகம் தெரியாதாம். அதனால் வெறும் இலைக்கு முன்னால் எல்லாரும் சிரித்தபடி இருந்தார்கள். நைனாவும் சிரித்தார். காவல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெட்டாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு சோறு வந்தது, பூசணிக்காய் சாம்பார் வந்தது. டீச்சர்மாரும் பரிமாறினோம். நான் உப்புக் கிண்ணத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். அதிகாரி ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ம், எல்லாரும் ஆரம்பிங்க" என்றார். நான் அப்போது நைனா இலைக்கு முன்னால் குனிந்திருந்தேன். அதனால் அடுத்து நடந்தது என் மூக்குக்கு நேரே நடந்தது.

காவல்காரர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பார்த்தார். நைனா இன்னும் இலையைத் தொடவில்லை. பொழுதைப் பற்றி யோசிக்கிறார் போல என்று நினைத்திருப்பார். எதிர்மலையை நிமிர்ந்து பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். உச்சிப் பாறையில் மஞ்சளாக, தாராளமாக வெயில் இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். தினமும் வயலில் கத்திச் சொல்வதை இன்றைக்கு மெதுவாக, பக்கத்திலிருந்தே சொன்னார்.

"நயினாரே, வெயிலு மேல குந்திக்கினு இருக்குது. சாப்டுங்க."

சொல்லிக்கொண்டே கையை நைனாவின் இலைக்கு மேல் நீட்டினார். விருந்தில் பக்கத்து ஆளை உபசரிக்கிறோமே, அப்படி. சாம்பார் வழிகிற கை.

நைனா மலையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"பொழுது போயிடுச்சுங்க. நான் இனிமே சாப்பிடக் கூடாது" என்று அதிகாரியிடம் சொன்னார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. வரிசை முழுக்கக் கை அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. காவல்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. நீட்டின கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

அதிகாரி கெட்டிக்காரர். சட்டென்று எழுந்து மைக்கைப் பிடித்தார். பாருங்கள், இந்தப் பெரியவர் தம் சமய நெறிப்படி அந்தி சாய்ந்தால் உண்பதில்லை, ஆனாலும் நமக்காக வந்து நம்மோடு வரிசையில் அமர்ந்தார், இதுவல்லவோ ஒருமைப்பாடு என்றார். அவர் எந்த மலையைக் கண்டார், எந்த வெயிலைக் கண்டார், பாவம். ஜனம் கை தட்டியது. மைக்கில் பேச்சு நின்றால் தட்ட வேண்டும் என்று நான் பழக்கியிருந்ததால் என் பிள்ளைகளும் தட்டினார்கள். நைனா அந்தச் சத்தத்துக்கு நடுவே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் நின்ற டீச்சர் கையில் திணித்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "இன்னா இவ்ளோ சீக்கிரம்? சாப்டீங்களா?" என்றாள். "பொழுது போயிடுச்சு" என்றார் நைனா. அம்மா வானத்தைப் பார்த்தாள். "நான் இன்னும் விளக்கே ஏத்தலயே" என்றாள். நைனா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஊரில் நாலு நாள் பேச்சு, அப்புறம் மறதி. முடியவில்லை.

மறுநாள் நான் வழக்கம்போல் தூக்கோடு போனேன். நைனா வரப்பில் உட்கார்ந்திருந்தார். பரண்மேல் காவல்காரர் இருந்தார். நான் தூக்கை வைத்தேன். குரல் வரவில்லை. அவர் முகம் சந்திரகிரிப் பக்கம்தான் இருந்தது, எங்களுக்கு முதுகு தெரிந்தது. நைனா தூக்கைத் திறக்காமல் காத்திருந்தார். ராஜகிரி நிழல் எங்கள் மேல் ஏறி, வயல் மேல் ஏறி, புளியமரத்தை விழுங்கியது. குரல் வரவில்லை. இருட்டினதும் நைனா எழுந்து, நிறைந்த தூக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சோறு மாட்டுக்குப் போனது.

அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும் அப்படியே. வேலையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் பற்றிப் பேசுவார்கள், பன்றி இறங்கியது பற்றிப் பேசுவார்கள். நைனா 'தொந்தரவு' என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமலே எலியும் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு நேரம் மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். மேலே ஒரு முதுகு, கீழே ஒரு முதுகு, நடுவில் தூக்கோடு நான். காற்று புளியமரத்தில் சத்தம் போட்டால்கூட நைனா தலை நிமிரும். குரல்தானோ என்று காதைத் தீட்டிக்கொள்வார். அந்த நேரத்து வயலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. பேய் இருக்கிற இடத்தில்கூட ஏதாவது சத்தம் கேட்கும் என்பார்கள்.

அம்மா கத்தித் தீர்த்தாள். "ஒரு வேள சோத்தோட உடம்ப காய வக்கறீங்களே, உங்களுக்குக் கண்ணு இல்ல? பாற மேல ஏறி நீங்களே பாத்தா இன்னா?" நைனா சொன்ன பதில் ஒன்றுதான். "அவன் சொல்லல." நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் பாறையில் ஏறி, அவர் உட்கார்ந்திருந்த பரணுக்குப் பக்கத்திலிருந்தே, "வெயில் இருக்குது நைனா, சாப்பிடுங்க!" என்று கத்தினேன். காவல்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கீழே நைனா, "நீ சொல்லாத. எறங்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்கை எட்டி உதைத்திருப்பேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு வெயில் இருந்துச்சு நைனா."

அவர் நடந்துகொண்டே இருந்தார். ரொம்ப தூரம் போன பிறகு, "நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"அவனும் பாத்தானா?"

"அவர் பாத்துட்டுத்தான உங்களுக்குச் சொன்னாரு!"

முதல் தடவையாக 'அவர்' என்று வாயில் வந்தது. நைனா அதைக் கண்டிக்கவில்லை. அன்றைக்கு ஏன் எழுந்தார் என்று அவர் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. அந்தக் கையா, அதில் பட்ட எலியா, ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமா, அல்லது எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவருக்கே தெரிந்ததா? எறும்புக்குக் காலைத் தூக்குகிறவர், மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வாரா? என் நைனா நல்லவர். இதை நான் யாரிடமும் சண்டை போட்டுச் சொல்வேன். அந்த நல்லவர்தான் எழுந்து போனார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாளும் தூங்க முடிந்ததில்லை.

அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு ஓர் ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். கீழே 'நாம் அனைவரும் ஒன்று' என்று எழுதியிருந்தது. ஏதோ வேலையாகப் போனபோது பார்த்தேன். வெறும் இலைக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கே இருந்த ஒருவர், "உங்க நைனாங்களா? கொடுத்து வச்சவரு" என்றார். டீக்கடையில் கொட்டாங்கச்சி நீட்டுவது மட்டும் நிற்கவில்லை. விசாரித்தேன்.

அறுபதுகள் முடிவதற்குள் நைனா போய்விட்டார். பெரிய வியாதி ஒன்றும் இல்லை, இளைத்து இளைத்தே போனார். தூக்கிக்கொண்டு போகும்போது தெருக்கோடியில் காவல்காரர் நின்றிருந்தார். அதே வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வரவில்லை. கூட்டம் தாண்டிப் போகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காரியம் எல்லாம் முடிந்து, நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற பேச்சு வந்தபோது ஒரு காலையில் நான் வயலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பரணிலிருந்து இறங்கி வந்தார். கிழடு தட்டியிருந்தது. எனக்குள் இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது அவர்மேல் வெடித்தது. நியாயமா என்று யோசிக்கவில்லை.

"ஒரு குரல் குடுத்திருந்தா இன்னாப்பா கொறஞ்சு போயிருப்ப? சாகற வரைக்கும் காத்துக்கினே இருந்தாரே. அவ்ளோ கோவமா உனக்கு? உன் பேச்ச பொய்யாக்கிட்டு எழுந்துட்டாருன்னு தான?"

அவர் திடுக்கிட்டுப் போனார்.

"கோவமா? கோவம்னா நெனச்சாரு நயினாரு?"

"பின்ன?"

அவர் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு எழுந்தாரு. அது அவரு பாடு, அத நான் இன்னா பண்றது? அதிகாரி அய்யா மைக்குல பேசினாரு. அல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேம்மா."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீயா?"

"நான்தான். அவரு எலையில சோறு ஆறிக்கினு கெடக்குது. நான் குந்தின எடத்துலயே குந்திக்கினு, எச்சக் கையோட தட்டினேன். பக்கத்துல குந்தக்கூடாதுன்னு ஒருத்தரு எழுந்து போறாரு, அதுக்கு நானே தட்டிட்டேன். அதுக்கப்பறம் எந்த வாயால அவர சாப்டுங்கன்னு கூப்புடறது, நீயே சொல்லு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதர் என்னைத் தேற்றினார், 'அழாதம்மா, நல்ல மனுசன், நல்ல மனுசன்' என்று நைனாவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவரைத் திட்டியிருந்தால் போதும், எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரியாவது தூக்கம் வந்திருக்கும்.